பேருந்தில் ஓடும் செயற்கை நுண்ணறிவு: காப்புரிமையா, ரகசியமா, திறந்த உரிமமா?

இரண்டு பொருள்களைச் செய்து விற்கும் ஒரு சிறு இந்திய நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். முதலாவது, ஓட்டுநருக்கு எதிரே பொருத்தப்பட்டு, அவருடைய இமையையும் தலை அசைவையும் கவனித்து, கண் அயரும்போது ஒலி எழுப்பும் கேமராப் பெட்டி. இரண்டாவது, பேருந்துகளில் உள்ள ஏஐஎஸ் 140 (வாகன இருப்பிடக் கருவிகளுக்கான இந்தியத் தரநிலை) கருவிகள் அனுப்பும் ஜிபிஎஸ் தரவை வாங்கிக்கொண்டு, அடுத்த நிறுத்தத்துக்கு வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று சர்வரில் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள். இரண்டையும் செயற்கை நுண்ணறிவு என்று ஒரே பெயரால் அழைத்தாலும், சொத்துரிமைச் சட்டத்தின் முன் அவை ஒரே வகைப் பொருள்கள் அல்ல. "பேட்டன்ட் எடுத்துவிடலாமா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்தப் பகுதி நம் கையைவிட்டு வெளியே போகிறது, எந்தப் பகுதி நம் சர்வரிலேயே தங்குகிறது என்று முதலில் பிரித்துப் பார்ப்பதே பயன் தரும்.

சொல் பற்றி ஒரு குறிப்பு. அன்றாடத் தமிழில் பேட்டன்டுக்கும் காப்பிரைட்டுக்கும் 'காப்புரிமை' என்ற ஒரே சொல் புழங்குவதால் பல பேச்சுவார்த்தைகள் குழம்புகின்றன. இங்கே காப்புரிமை என்பது பேட்டன்டையும், பதிப்புரிமை என்பது காப்பிரைட்டையும் மட்டுமே குறிக்கும்.

காப்புரிமை: பெட்டிக்கு ஏற்றது, கணிப்புக்கு அவ்வளவாக இல்லை

1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, 'அந்த அளவில் மட்டும்' நின்றுவிடும் கணினி நிரல், அல்காரிதம் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. 'அந்த அளவில் மட்டும்' என்ற அந்தச் சிறு தொடரைச் சுற்றித்தான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாதம் நடக்கிறது. 2016இல் காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட பரிசோதனை வழிகாட்டுதல் புதுமையான வன்பொருளும் சேர்ந்திருக்க வேண்டும் என்றது. 2017இல் அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், நிரல் என்பதற்காகவே விண்ணப்பத்தைத் தள்ளிவிடாமல் அது விளைவிக்கும் தொழில்நுட்பப் பயனைப் பார்க்க வேண்டும் என்று கூறியது. 2025இல் திருத்தி வெளியிடப்பட்ட வழிகாட்டுதல் செயற்கை நுண்ணறிவு சார்ந்த விண்ணப்பங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இந்த அளவுகோலில் கேமராப் பெட்டியின் நிலை நன்றாகவே இருக்கிறது. இரவில் அகச்சிவப்பு விளக்கை எந்த இடைவெளியில் எரித்தால் கண்ணாடி அணிந்த ஓட்டுநரின் இமை தெளிவாகப் பதிவாகும், குறைந்த நினைவகம் கொண்ட சிப்பில் எப்படி விரைவாகக் கணக்கிடுவது, வண்டியின் வேகத்துக்கேற்ப எச்சரிக்கையின் எல்லையை எப்படி மாற்றுவது என்பவையெல்லாம் ஒரு கருவி சிறப்பாக இயங்குவது பற்றிய கேள்விகள். எனவே தொழில்நுட்பப் பயனைக் காட்டுவது இயலும். வருகைக் கணிப்போ, தரவு உள்ளே போய் ஒரு எண் வெளியே வருவதோடு நின்றுவிட்டால், அல்காரிதம் என்ற மறுப்பை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

ஐரோப்பாவில் இதற்கு நெருக்கமான ஒரு முடிவு உண்டு. ரயில் நிலையம் போன்ற கட்டடங்களில் மக்கள் கூட்டம் எப்படி நகரும் என்று கணினியில் உருவகப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தில், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டு வாரியம் 2021 மார்ச்சில் 'ஜி 1/19' என்ற முடிவை வழங்கியது. உருவகப்படுத்தல் என்பதற்காக மட்டும் அதை விலக்க வேண்டியதில்லை, ஆனால் நிஜ உலகின் ஒரு அமைப்பைக் கணக்கிட்டுக் காட்டியதாலேயே தொழில்நுட்பப் பயன் வந்துவிடாது என்பது அதன் சாரம். நம் கணிப்பு மென்பொருளுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், பயணியின் கைப்பேசியில் 'ஏழு நிமிடம்' என்று காட்டுவது ஒன்று. அதே கணிப்பைக் கொண்டு சந்திப்பிலுள்ள சிக்னலைப் பேருந்துக்காகச் சில நொடிகள் நீட்டிப்பது வேறொன்று. இரண்டாவதில் கணிப்பு ஒரு இயந்திரத்தை ஆட்டுவிக்கிறது. இணையத்தில் தாக்கல் செய்யும் விண்ணப்பத்தின் முதல் கட்டணம் ஸ்டார்ட்அப்புக்கு 1,600 ரூபாய்தான் என்றாலும், கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பை எழுதும் வழக்கறிஞர் செலவும், வேறு நாடுகளில் தாக்கல் செய்யும் செலவும் பல மடங்கு. ஆகவே, பெட்டி, கணிப்பு ஆகிய இரண்டில் எதற்குச் செலவு செய்வது என்பதில் எனக்குத் தயக்கமில்லை: பெட்டிக்குத்தான்.

காப்புரிமைக்கு இன்னொரு விலையும் உண்டு. 20 ஆண்டுப் பாதுகாப்புக்கு ஈடாக, செய்முறையை முழுமையாகவும், தமக்குத் தெரிந்தவற்றுள் சிறந்த முறையிலும் எழுதிக் கொடுக்க வேண்டும்; பொதுவாகப் பதினெட்டு மாதத்தில் அது வெளியாகிவிடும். மாடலை, அதாவது தரவிலிருந்து கற்று உருவாகும் கணக்கீட்டு அமைப்பை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தொழிலில், இன்றைய மாடலின் நுணுக்கங்களை எழுதிக் கொடுத்து 20 ஆண்டுக்குக் காப்பதில் பொருளில்லை. மாடல் மாறினாலும் மாறாத செய்முறையை மட்டுமே கோர வேண்டும்.

போக்குவரத்துத் துறைக்கே உரிய ஒரு சிக்கல் சோதனை ஓட்டம். கருவியை ஆய்வகத்தில் மட்டும் சோதித்து முடிக்க முடியாது. பயணிகளோடு ஓடும் பேருந்தில் பொருத்தியாக வேண்டும். பொது இடத்தில் பயன்படுத்தியதாலேயே புதுமை கெட்டுவிடுமோ என்ற அச்சத்துக்கு இந்தியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு ஓரளவு பதில் தருகிறது: கண்டுபிடிப்பின் தன்மை காரணமாகப் பொதுவெளியில் சோதிப்பது தேவையாக இருந்து, நியாயமான சோதனைக்காக மட்டுமே அது நடந்திருந்தால், விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு (பொதுவாக முதல் தாக்கல் செய்த நாளுக்கு) முந்தைய ஓராண்டுக்குள் நடந்த பயன்பாடு புதுமையைக் கெடுக்காது. ஆனால் 'சோதனை ஓட்டம்' என்று அழைத்துக்கொண்டே மாதக் கட்டணம் வாங்கத் தொடங்கினால் அது சோதனை மட்டும்தான் என்று வாதிடுவது கடினம். எல்லா நாடுகளிலும் இந்தச் சலுகை இதே வடிவில் இருப்பதும் இல்லை. முதல் பேருந்தில் பெட்டியை மாட்டுவதற்கு முன்பே தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிட்டு, பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுப்பதே பாதுகாப்பான வரிசை.

இவ்வளவுக்குப் பிறகும் காப்புரிமை யாரைத் தடுக்கும் என்று கேட்க வேண்டும். போட்டி நிறுவனத்தைத் தடுக்கும். வாடிக்கையாளரைத் தடுக்குமா? இந்தியாவில் பேருந்துகளை அதிக அளவில் வாங்கி ஓட்டுபவை அரசுப் போக்குவரத்துக் கழகங்கள். சட்டத்தின் 99, 100ஆம் பிரிவுகள், மத்திய அரசு, மாநில அரசு, அரசு நிறுவனம் ஆகியவற்றின் தேவைக்காகக் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பைப் பயன்படுத்திக்கொள்ள மத்திய அரசுக்கும் அது அதிகாரமளிப்பவர்களுக்கும் இடமளிக்கின்றன. உரிமையாளருக்கு ஈட்டுத்தொகை உண்டு, தடுக்கும் அதிகாரம் இல்லை. அன்றாடம் நடக்கும் செயல் அல்ல இது. என்றாலும், மிகப் பெரிய வாடிக்கையாளரின் முன்னால் இந்த ஆயுதத்தின் கூர்மை கொஞ்சம் மழுங்கித்தான் இருக்கிறது. இத்துறைக்கே உரிய இன்னொரு விலக்கையும் போகிற போக்கில் சொல்லலாம்: வெளிநாட்டுக் கப்பலோ, விமானமோ, தரைவழி வண்டியோ தற்காலிகமாகவோ தற்செயலாகவோ இந்தியாவுக்குள் வரும்போது அதிலுள்ள கருவி நம் காப்புரிமையை மீறியதாகாது என்கிறது 49ஆம் பிரிவு, நம் நாட்டு வண்டிகளுக்கு அதே சலுகையைத் தரும் நாடுகளுக்கு மட்டும்.

ரகசியம்: சர்வருக்குள் இருக்கும் வரை

வணிக ரகசியத்துக்குப் பதிவு வேண்டாம், கால வரம்பு இல்லை, வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அதன் உயிர் முழுவதும் ரகசியம் காக்கப்படுவதில் இருக்கிறது. வருகைக் கணிப்பு மென்பொருளின் மாடல் நம் சர்வரிலேயே இருக்கிறது. வாடிக்கையாளருக்குப் போவது எண்கள் மட்டுமே. அதற்கு ரகசியம் பொருந்துகிறது. கேமராப் பெட்டியோ விற்பனைப் பொருள். வாங்கியவர் திறந்து பார்க்கலாம். ஒரு நிரல் எப்படி இயங்குகிறது என்பதைக் கவனித்து, ஆராய்ந்து, அதன் அடிப்படைக் கருத்தை அறிந்துகொள்வது பதிப்புரிமை மீறலாகாது என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே சொல்கிறது. மாடல் கோப்பை மறைகுறியாக்கலாம், அது போட்டியாளரின் வேலையைத் தாமதப்படுத்தும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ரகசியம் எப்படிக் கசிகிறது என்பதற்கு இத்துறையின் பெரிய பாடம் வேமோ–ஊபர் வழக்கு. பின்னர் வேமோ என்ற நிறுவனமான, கூகுளின் தானியங்கி வாகனத் திட்டத்திலிருந்து விலகிய பொறியாளர் ஆன்டனி லெவன்டவ்ஸ்கி, போகும் முன் சுமார் 14,000 கோப்புகளைப் பதிவிறக்கினார் என்று வேமோ 2017 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தது. விஷயம் வெளிப்பட்ட விதம் வேடிக்கையானது: ஊபர் தரப்பின் லைடார் (ஒளிக்கதிரால் தூரம் அளக்கும் கருவி) மின்சுற்றுப் பலகையின் வரைபடம் இணைக்கப்பட்ட மின்னஞ்சல் ஒன்றில், பொருள் வழங்கும் நிறுவனம் தவறுதலாக வேமோ ஊழியரையும் சேர்த்துவிட்டதாக வழக்கில் சொல்லப்பட்டது. 2018 பிப்ரவரியில், விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, ஊபர் தன் பங்குகளில் 0.34 விழுக்காட்டைக் கொடுத்து உடன்படிக்கை செய்துகொண்டது. அன்றைய மதிப்பு ஏறத்தாழ 24.5 கோடி டாலர். அந்த வழக்கை நடத்தும் அளவுக்கு வேமோவிடம் ஆதாரமும் பணமும் இருந்தன, அமெரிக்காவில் வணிக ரகசியத்துக்கென்று கூட்டாட்சிச் சட்டமும் இருந்தது.

இந்தியாவில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289ஆம் அறிக்கையில் வணிக ரகசியத்துக்கென வரைவு மசோதா ஒன்றைப் பரிந்துரைத்தது. நடைமுறையில் நாம் சார்ந்திருப்பது ஒப்பந்தத்தையும், நம்பிக்கை மீறல் என்ற பொதுக் கோட்பாட்டையும்தான். வேலையை விட்டுப் போகிறவர் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று எழுதி வாங்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் முன் அது பெரும்பாலும் நிற்காது. 'எங்கும் சேராதே' என்பதை விட்டுவிட்டு, 'இன்னின்ன கோப்புகளை எடுத்துச் செல்லாதே, பயன்படுத்தாதே' என்று குறிப்பாக எழுதுவதே பலன் தரும்.

அரசு வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் ஆவணங்களுக்கும் ஒரு கவனம் தேவை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவு வணிக ரகசியத்துக்கு விலக்குத் தருகிறது. ஆனால் பெரிய பொதுநலன் இருப்பதாக உரிய அதிகாரி கருதினால் வெளியிடலாம். விபத்துக்குப் பிறகு "அந்தப் பெட்டி ஏன் ஒலிக்கவில்லை?" என்று கேட்கப்படும்போது, 'ரகசியம்' என்ற பதில் நீதிமன்றத்திலோ பொதுமக்களிடமோ நெடுநேரம் நிற்காது, நிற்கவும் கூடாது. உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடைய பகுதியை முழு ரகசியமாக வைக்கும் திட்டத்தை நான் ஏற்பதில்லை. ஆய்வு செய்ய உரிமை பெற்றவருக்குக் காட்டும் வகையில் அதைத் தொடக்கத்திலிருந்தே ஆவணப்படுத்த வேண்டும்.

திறந்து வைப்பது: கொடுப்பதற்கு முன் வாங்கியதைப் பாருங்கள்

டெஸ்லா 2014 ஜூனில், நல்லெண்ணத்தோடு தன் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவோர் மீது காப்புரிமை வழக்குத் தொடுப்பதில்லை என்று அறிவித்தது. சீனாவின் பைடு 2017இல் அப்போலோ என்ற தானியங்கி ஓட்டுநர் தளத்தைத் திறந்த மூலமாக (மூல நிரலை எவரும் பார்த்துப் பயன்படுத்தும்படி) வெளியிட்டது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஆட்டோவேரும் அப்படித்தான். பெருந்தன்மை ஓரளவு இருக்கலாம். தன் தளத்தின் மேல் மற்றவர்கள் கட்டினால் சந்தையே தன் பக்கம் சாயும் என்ற கணக்கு அதைவிடப் பெரிது. அந்தக் கணக்கு பத்துப் பேர் கொண்ட நிறுவனத்துக்குப் பலிக்காது. தரவு மாற்றும் கருவி, படங்களில் குறியிடும் கருவி போன்ற துணை நிரல்களைத் திறந்து விடுவது நல்ல பெயரையும் நல்ல ஆள்களையும் கொண்டுவரும். மாடலைத் திறப்பதற்குக் காரணம் வலுவாக இருக்க வேண்டும். திறப்பதானால், காப்புரிமை உரிமத்தையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கும் அப்பாச்சி 2.0, அது பற்றி எதுவும் சொல்லாத எம்ஐடி உரிமத்தைவிடத் தெளிவானது.

சிறு நிறுவனங்கள் இடறுவது தாம் வெளியிடுவதில் அல்ல, தாம் எடுத்துப் பயன்படுத்தியதில். சாலைக் கேமராக்களில் பரவலாகப் பயன்படும், படத்திலுள்ள பொருள்களை அடையாளம் காணும் யோலோ குடும்பத்தின் சில பதிப்புகள் ஏஜிபிஎல் உரிமத்தில் இருக்கின்றன. அவற்றை மாற்றி இணையச் சேவையாக நடத்தினால்கூட மூல நிரலைப் பயனர்களுக்குத் தர வேண்டும், இல்லையென்றால் வணிக உரிமம் வாங்க வேண்டும். கிட்டி, நூசீன்ஸ் போன்ற புகழ்பெற்ற சாலைப் படத் தொகுப்புகள் வணிகமல்லாத பயன்பாட்டுக்கே பொதுவில் தரப்படுகின்றன. திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து உருவாக்கிய தரவுத்தளத்தை வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். மாணவராக இருந்தபோது பதிவிறக்கியது நிறுவனத்தின் மாடலுக்குள் வந்துவிட்டால், எந்தக் காப்புரிமையும் அந்த ஓட்டையை அடைக்காது.

தரவும் டெண்டரும்

மேலே சொன்ன தேர்வுகளைவிட என் கணிப்பில் முக்கியமானது, விண்ணப்பப் படிவமே இல்லாத ஒரு விஷயம்: பேருந்திலிருந்து வரும் தரவு யாருடையது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 1996ஆம் ஆண்டின் தரவுத்தள நெறிமுறை, தரவைத் திரட்டுவதில் பெரிய முதலீடு செய்தவருக்கு 15 ஆண்டுத் தனி உரிமை தருகிறது. இணைய இணைப்புள்ள பொருள்கள் தாமாக உருவாக்கும் தரவுக்கு அந்த உரிமை பொருந்தாது என்று, 2025 செப்டம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டம் தெளிவுபடுத்தியிருக்கிறது. இந்தியாவில் அப்படித் தனி உரிமையே இல்லை. தரவுத்தளம் 'இலக்கியப் படைப்பு' என்ற வரையறைக்குள் வந்தாலும், வெறும் உழைப்பு போதாது, தேர்விலும் தொகுப்பிலும் திறனும் மதிப்பீடும் தெரிய வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் வகுத்தது. பத்து நொடிக்கு ஒருமுறை தானாகப் பதிவாகும் அட்சரேகை, தீர்க்கரேகைகளில் அது எங்கே இருக்கிறது? ஆகவே மூலத் தரவு ஒருவரது சொத்தாக இருப்பதில்லை. யார் கையில் இருக்கிறது, ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பவைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. டெல்லியில் 2018 முதல் பேருந்துத் தரவு பொதுத் தளத்தில் திறந்து வைக்கப்பட்டிருப்பதால், அதை மட்டும் நம்பிக் கணிப்புச் செய்பவருக்குத் தனிச் சாதகம் எதுவும் இல்லை. ஓட்டுநரின் முகப்படமோ வேறு வகை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது ஓட்டுநரைப் பற்றிய தனிநபர் தரவு, எந்த ஒப்பந்தமும் அதை நிறுவனத்தின் முழுச் சொத்தாக்கிவிடாது.

பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இங்கேதான் காத்திருக்கிறது. ஊழியர் எழுதிய நிரலுக்கு முதல் உரிமையாளர் நிறுவனம் என்பது பலருக்கும் தெரியும். வெளியாள் ஒருவர் எழுதிக் கொடுத்தது தானாக நிறுவனத்துக்கு வராது, எழுத்தில் மாற்றித் தர வேண்டும் என்பது சிலருக்குத் தெரியும். அப்படி மாற்றும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவு வைத்துக்கொள்ளும். அதே 17இல், பொதுத்துறை நிறுவனத்தின் 'வழிகாட்டுதலிலோ கட்டுப்பாட்டிலோ' உருவான படைப்புக்கு, மாறான உடன்படிக்கை இல்லாவிட்டால், அந்தப் பொதுத்துறை நிறுவனமே முதல் உரிமையாளர் என்று ஒரு உட்பிரிவு இருப்பதை டெண்டர் போடுகிறவர்கள் கவனிப்பதில்லை. போக்குவரத்துக் கழகத்துக்காக அதன் அதிகாரிகள் சொன்ன திருத்தங்களோடு எழுதிய நிரல் இந்த வலைக்குள் வரும் என்று வாதிட இடமிருக்கிறது.

நிரலையாவது வரிவரியாகப் பிரித்து, இது முன்பே இருந்தது, இது இந்த வேலைக்காக எழுதியது என்று காட்டிவிடலாம். மாடலை அப்படிப் பிரிக்க முடியாது. ஒரு நகரத்தின் பேருந்துகளில் ஓராண்டு ஓடித் தேறிய மாடலிலிருந்து அந்த நகரத்தின் தரவை மட்டும் உருவி எடுத்துத் திருப்பித் தருவது, வெந்த சோற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்துக் கேட்பது போன்றது. அந்த மாடலை அடுத்த நகரத்துக்கு விற்கலாமா என்பதுதான் நிறுவனத்தின் வாழ்வா சாவா என்ற கேள்வி. 'ஒப்பந்தக் காலத்தில் உருவாகும் அனைத்தும் கழகத்துக்கே உரியவை' என்ற வழக்கமான ஒற்றை வரி அதற்கு 'கூடாது' என்று பதில் சொல்லிவிடுகிறது. கழகத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பொதுப்பணத்தில், பொதுச் சாலையில், தன் ஓட்டுநர்களை வைத்துத் தேற்றிய ஒன்றுக்கு ஆண்டுதோறும் விலையேற்றிக் கேட்டால், வேறு நிறுவனத்துக்கு மாற வழியில்லாமல் அது மாட்டிக்கொள்ளும்.

இரண்டு தரப்பும் ஏற்கக்கூடிய பங்கீடு ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். மூலத் தரவு முழுவதும், வேறு எவரும் படிக்கக்கூடிய பொது வடிவத்தில், கழகத்திடம் இருக்கட்டும். மாடலும் நிரலும் நிறுவனத்திடம் இருக்கட்டும். ஆனால் கழகம் தன் சொந்தப் பேருந்துகளில் அவற்றைக் கால வரம்பின்றிப் பயன்படுத்தும் உரிமத்தைப் பெறட்டும். நிறுவனம் மூடப்பட்டால் கழகத்தின் கைக்குக் கிடைக்கும்படி மூல நிரலின் பிரதி ஒன்று மூன்றாம் தரப்பிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கட்டும். அடையாளம் நீக்கப்பட்ட தரவைக் கொண்டு மாடலை மேம்படுத்தி வேறிடத்தில் விற்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்பதையும், அதற்கு ஈடாகக் கழகத்துக்கு என்ன விலைக்குறைப்பு என்பதையும் தனி வரியாக எழுத வேண்டும்.

இதையெல்லாம் கேட்க வேண்டிய இடம், விலைப்புள்ளி கொடுப்பதற்கு முன் நடக்கும் விளக்கக் கூட்டம். பணி ஆணை வந்த பிறகு கேட்டால் எவரும் காது கொடுக்கமாட்டார்கள். ஒரு பிற்சேர்க்கையில், அன்றைய தேதியில் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் நிரல் தொகுதிகள், மாடல் கோப்புகள், பயிற்சித் தரவுகள், அவை ஒவ்வொன்றும் எந்த உரிமத்தில் வந்தவை என்ற விவரம், ஒவ்வொரு கோப்பின் ஹாஷ் எண் (கோப்பு மாறினால் தானும் மாறும் அடையாள எண்) ஆகியவற்றைப் பட்டியலிட்டு, இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். இந்தப் பட்டியலைத் தயாரிக்க ஒரு பொறியாளருக்கு மூன்று, நான்கு நாள் ஆகலாம். காப்புரிமை விண்ணப்பத்துக்கு முன்பே இதைச் செய்யச் சொல்வேன்.